அளவெடுக்காத பல் செட்

“புருஷன் மௌத்தான பொம்புளைக்கு இனிப் பல்லு எதுக்கு? யாரப் பாத்துச் சிரிக்கப் போற?” என்று இத்ரூஸ் கேட்டதும், தங்கை ஸுலைஹா கஞ்சிக் கோப்பையைத் தொப்பென்று கீழே வைத்தாள். மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாததால், அவள் கோபப்பட்டாலும் முகத்தில் குழந்தைக் களைதான் வந்தது. இத்ரூஸுக்கு அது வசதியாகப் போயிற்று.

“சிரிக்க இல்ல நானா, திங்க.”

பற்களைப் பிடுங்கிய மாத்தளை பல் டொக்டர் சிவலிங்கம், ஈறு ஆறட்டும், பிறகு அளவெடுக்கலாம் என்றிருந்தார். புது செட்டுக்கான பணத்தை அவள் புருஷன் ஸக்கரியா முழுதாகக் கட்டியிருந்தார். ஈறு ஆறுமுன் அவர் இறந்துபோனார். அவள் விதவைக்குரிய இத்தாத் தனிமையில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே கூப்பனுக்குக் கிடைத்த ரேஷன் அரிசிக் கஞ்சி. இத்தா முடிந்துவிட்டது. இனி இறந்தவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓதி, ஊருக்கு ஆட்டிறைச்சிச் சோறு போட வேண்டும். மிளகு வியாபாரி இத்ரூஸோ தன் பணப்பெட்டியைத் திறக்காமலே தாராளமாகச் செலவு செய்யும் வித்தை தெரிந்தவர். செய்யாத செட்டுக்குக் கட்டிய பணம் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் டொக்டர் ஒரு தினுசான ஆள். “வாய் யாருதோ அவங்க கையிலதான் பணம்” என்று முதல் தடவை தனியாகப் போன இத்ரூஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் இன்று தங்கையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

“செய்யாத வேலைக்குக் காசு வச்சிக்கிறது ஹராம், டொக்டர்,” என்று இத்ரூஸ் பிரசங்கத்தை ஆரம்பித்தார். “புருஷன் இல்லாதவ செட்டுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா ஊரு என்னா பேசும்?”

சிவலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “மொதலாளி, ஒங்க சம்சாரம் தவறின மூணாம் மாசமே இதே நாக்காலியில வந்து உக்காந்தீங்களே! ‘பொண்ணு பாக்கப் போவணும், சுருக்கா முடிச்சுத் தாங்க’ன்னு என்னா நச்சரிப்பு! அப்ப ஊரு ஒண்ணும் பேசலியா?”

இத்ரூஸ் வாயை இறுக்க மூடினார். உள்ளே அவருடைய பல் செட் லேசாகக் கடகடத்தது.

“அது... ஆம்புளச் சங்கதி.”

ஸுலைஹா முக்காட்டுக்குள் சிரித்தாள். டொக்டர் பணத்தை எடுத்தார். இத்ரூஸின் கை நீண்டது. டொக்டரின் கை அதைச் சுற்றிக்கொண்டு ஸுலைஹாவிடம் போனது.

“நானா, ஆடு அறுப்பீங்க, ஊரு திங்கும். என் புருஷன் பேரால ஆக்குற சோத்த நான் எதால மெல்லுறது?”

“ஒனக்குத் தனியாக் கஞ்சி காச்சச் சொல்றேன் புள்ள,” என்றார் இத்ரூஸ், உண்மையான பாசத்தோடு.

அந்தப் பாசம்தான் அவளை எழுப்பியது. நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து, பணத்தை டொக்டரிடமே நீட்டினாள்.

“அளவெடுங்க.”

டொக்டர் மெழுகை இளக்கி அவள் மேலீற்றில் வைத்து அழுத்தினார். “இறுகுற வரைக்கும் அசையக் கூடாது. பேசவும் கூடாது.”

“ஸுலைஹா, எந்திரி! நம்ம ரத்தோட்டை பஸ்ஸு போயிரும்!”

அவள் வாயைத் திறந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். வைத்தியர் சொல்லைத் தட்டலாமா? வெளியே பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிற்று. ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்து பழக்கமில்லாத இத்ரூஸ், சுவரோரத்து வாங்குப் பலகையில் மெல்ல உட்கார்ந்தார்.