தப்பான தோல்

செத்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குப் போர்த்திவிட்டால், வாசனையில் ஏமாந்து தாய் ஆடு பால் கொடுத்துவிடும். ரேவன்ஹோம் மாளிகைப் பண்ணையில் இந்த வேலையில் தெல்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள் என்பதுதான் தொல்லை.

குட்டியைப் பறிகொடுத்த வெள்ளைச் செம்மறி, தோல் போர்த்திய குட்டியை மோந்தது. தரையை உதைத்தது. பிறகு சுவரோடு வைத்து ஒரே முட்டு.

தெல்மா குட்டியை இழுத்தெடுத்தாள். புட்டிப் பாலைத் துப்புகிற குட்டி அது. பிறந்ததிலிருந்து ஒரு வாய் சீம்பால் இறங்கவில்லை, தலை தொங்கிவிட்டது. இந்த ஆடும் சேர்க்காவிட்டால் மதியம் தாண்டாது.

"ரெண்டு குட்டில்ல செத்துச்சு? இந்தத் தோல் இந்த ஆடு போட்ட குட்டியோடதுதானா?" என்றான் வேலியில் சாய்ந்திருந்த அவள் புருஷன் நாரிஸ்.

"என் ஆடு எனக்குத் தெரியாதாக்கும். நீ போய், பண்ணையச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு டிக்கெட்டக் கிழி."

மறுபடி விட்டாள். மறுபடி முட்டு. இந்தமுறை குட்டி எழுந்திருக்கவில்லை. தோலைத் திருப்பிப் பார்த்தாள். கால் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். அடுத்த பட்டியில் நிற்கும் புள்ளி ஆட்டின் சாயல். அதன் செத்த குட்டியைத்தான் உரித்திருக்கிறாள்.

"இன்னொண்ணு எங்க?"

"செத்ததை எடுக்கிற லாரியில. கிளம்பிட்டான், சத்தம் கேக்கல?"

லாரி நிற்கும் பின்வாசலுக்குக் குறுக்கு வழி, மாளிகைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் தோட்டம். ஈஸ்டர் கூட்டம் பார்க்கும் இடத்தில் ரத்தக்கறை தெரியக் கூடாதென்பது மாளிகை மேலாளரின் கண்டிப்பு. தெல்மா ரத்தம் படிந்த ஏப்ரனோடு, கையில் கத்தியோடு மேசைகளுக்கு நடுவே ஓடினாள். ஒரு தாய் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

"ஏத்துனத எறக்க மாட்டேன்மா," என்றான் டிரைவர். "உனக்கு எதுக்கு அது?"

தெல்மா திரும்பிப் பார்த்தாள். நாரிஸ் வேறு பின்னாலேயே வந்து நிற்கிறான்.

"தப்பு எம்மேலதான். தோல மாத்தி உரிச்சுட்டேன்."

டிரைவர் லாரிக் கதவைத் திறந்தான்.

அந்த இன்னொரு குட்டியின் தோலை உரித்து, பட்டியில் கிடந்த குட்டிக்கு மாட்டினாள். ஆடு குட்டியின் வாலை மோந்தது. மோந்துகொண்டே இருந்தது. பிறகு அடித்தொண்டையில் மெல்லக் கனைத்து, குட்டியை மூக்கால் மடிப்பக்கம் தள்ளியது. பால் குடிக்கும் குட்டியின் வால் துடிக்கத் தொடங்கியது.

நாரிஸ் தொண்டையைச் செருமினான்.

"வாயத் திறந்த, அடுத்த தோல் உன்னுதுதான்," என்றாள் தெல்மா, அழுதுகொண்டே.