நேரம் மாறிய நேர்காணல்

கல்லூரித் துறை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி, வேலைவாய்ப்புப் பொறுப்பையும் கவனிக்கும் ஆசிரியர் லூர்துராஜ் சார் கேட்டு ஐந்து நாளாகிவிட்டது. தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: ‘கல்லூரியில் என் மூன்று ஆண்டுகள், இனி என் இலக்கு.’ பி.பி.ஏ. கடைசி வருடத்தில் வேலை கிடைத்தவர்களில் ஒருவர் எழுதுவது வழக்கம். இந்த வருடம் சௌமியாவின் முறை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவளுடைய அப்பா தங்கராஜ் காப்பித்தூளும் மிளகும் தேனும் விற்கிற கடை வைத்திருந்தார். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த சௌமியா, கடைக்கு உள்ளே மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு எழுத உட்கார்ந்தாள். ‘தலைமைப் பண்பைக் கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி வந்தது. ‘நல்ல நட்பைப் பெற்றேன்’ என்று அடுத்த வரியை எழுதியவள், அதை அடித்தாள். பிறகு தாளையே கிழித்துவிட்டாள்.

நட்பு என்றால் அவளுக்கு மோனிஷாதான். மஞ்சக்குட்டையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். விடியற்காலையில் ஜீப் பிடித்து ஏற்காடு வந்து, அங்கிருந்து சௌமியாவோடு சேலம் பஸ் ஏறுவாள். மூன்று வருடமும் ஒரே சீட். புள்ளியியல் என்றாலே நடுங்கிய சௌமியாவுக்கு, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே கணக்கைப் புரியவைத்தவள் அவள். கான்வென்டில் படித்த சௌமியா அவளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுத்தாள். வகுப்பில் ஒருத்தி பெயரைச் சொன்னால் மற்றவள் பெயரும் கூடவே வரும்.

பிப்ரவரியில் ஓசூரிலிருந்து ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. முதல் சுற்றில் வகுப்பிலிருந்து தேறியது இவர்கள் இருவர்தான். இருவரில் மோனிஷாதான் நன்றாகப் பேசினாள். கேள்வி கேட்ட அதிகாரி அவளைப் பார்த்துத் தலையசைத்ததை சௌமியா கவனித்தாள். கடைசியில் ஒருத்தரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

இரண்டாம் சுற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் லூர்துராஜ் சார் போன் பண்ணினார். “சௌமியா, நாளைக்குப் பதினோரு மணி இல்லம்மா. எட்டரைக்கே வரச் சொல்றாங்க. மோனிஷாவுக்கு லைன் கிடைக்கலை. நீதான் பக்கத்துல இருக்கே, எப்படியாச்சும் தகவல் சொல்லிடு.”

“சரிங்க சார்,” என்றாள்.

ஒரு தடவை போன் பண்ணிப் பார்த்தாள். லைன் போகவில்லை; மஞ்சக்குட்டையில் டவர் கிடைப்பதே அபூர்வம். அந்த நேரத்தில் கடைக்கு முன்னால் கிங்ஸ்டனின் ஜீப் நின்றிருந்தது. மஞ்சக்குட்டை போகும் கடைசி ஜீப். கிங்ஸ்டன் டீ குடித்துக்கொண்டிருந்தான். “அண்ணா, மோனிஷா ஊட்டுல ஒரு சேதி சொல்லிருங்க” என்றால் போதும், வாசல் வரை போய்ச் சொல்லிவிட்டு வருவான். அவள் படியில் நின்றபடி அவன் டீயைக் குடித்து முடிப்பதையும், கிளாஸை வைப்பதையும், வண்டியில் ஏறுவதையும் பார்த்தாள். ஜீப் கிளம்பிப் போயிற்று. உள்ளே வந்து மறுநாளைக்கு வேண்டிய சுடிதாரை இஸ்திரி போட்டாள்.

மறுநாள் சௌமியா நேர்காணல் முடிந்து வெளியே வந்தபோது மோனிஷா அவசரமாகப் படியேறி வந்துகொண்டிருந்தாள். எட்டரைக்கே நேர்காணல் தொடங்கி முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “போன் பண்ணினேன்டி, கிடைக்கவே இல்ல,” என்றாள் சௌமியா. மோனிஷா அதை நம்பினாள். “எங்கூரு டவரு அப்படித்தான், நீ என்ன பண்ணுவ?” என்று சமாதானம் வேறு சொன்னாள்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று மதியம் சார், “அவகிட்டச் சொன்னியா இல்லையா?” என்று கேட்டபோது சௌமியாவின் வாயில், “சொன்னேனுங்க சார்,” என்று வந்துவிட்டது. சொல்லியும் நேரத்துக்கு வராதவள் என்று சார் முடிவு கட்டினார். ஓசூர் வேலை சௌமியாவுக்குக் கிடைத்தது. அடுத்து வந்த இரண்டு கம்பெனிகளுக்கும் சார் மோனிஷாவின் பெயரை அனுப்பவில்லை. ஏன் என்று மோனிஷா கேட்கவும் இல்லை, அவராகச் சொல்லவும் இல்லை.

கிழித்த தாளைக் குப்பையில் போட்டுவிட்டு சௌமியா எழுந்தாள். “மஞ்சக்குட்டை வரைக்கும் போயிட்டு வர்றேனுங்கப்பா,” என்று சொல்லிவிட்டு மத்தியான ஜீப்பில் ஏறினாள்.

மோனிஷாவின் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா பாப்பாத்தி காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள். சௌமியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா கண்ணு. வேலைக்கு எப்பப் போற?”

“ஜூன்லீங்கம்மா.”

“நீ பொழைச்சுக்கிட்ட சாமி. இவளைப் பாரு. மூணு வருசம் ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் ஓடி, கடைசி நாளு பாத்துக் கோட்டை உட்டுட்டா. நேரத்தை மாத்திட்டாங்கங்கறா, டவரு இல்லங்கறா. காலாகாலத்துல கெளம்புடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இவங்கப்பா இன்னும் இவகூட மொகங்குடுத்துப் பேசறதில்ல. நீயாச்சும் புத்தி சொல்லு.”

முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த மோனிஷா நிமிரவில்லை.

சௌமியா அவளைத் தனியாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே அழைத்துப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட உதவவில்லை. “கிங்ஸ்டன் அண்ணன் ஜீப்பு அன்னைக்குக் கடை முன்னாலதான் நின்னுச்சு. சொல்லியனுப்பியிருக்கலாம். நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. சார்கிட்டயும் உன்கிட்டச் சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அதான் உன் பேரை அவரு அனுப்பல.”

மோனிஷா திட்டுவாள், அழுவாள் என்று சௌமியா எதிர்பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“நான் வந்திருந்தா எனக்குத்தான் கிடைச்சிருக்கும்னு நெனச்சியா?”

“ஆமா.”

“எனக்கு அப்படித் தோணவே இல்ல புள்ள. ரெண்டு பேரும் ஓசூர்ல ஒரே ரூம்ல இருக்கலாம்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.”

சௌமியா அவள் கையைப் பிடிக்கப் போனாள். மோனிஷா கையை இழுத்துக்கொண்டாள். “என்கிட்டச் சொன்னா ஆச்சா? எங்கம்மாகிட்டச் சொல்லு. அப்புறம் சார்கிட்டச் சொல்லு. நான் பாக்கணும்.”

பாப்பாத்தியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முழுவதையும் கேட்டவள் காலை எடுத்துத் தார்ப்பாய்க்கு வெளியே வைத்தாள். “எத்தனை நாளு இந்த ஊட்டுல சோறு தின்னிருப்ப?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். குரல்கூட உயரவில்லை.

வீட்டுக்கு மேலே இருந்த பாறையில்தான் டவர் கிடைக்கும். இருவரும் ஏறினார்கள். சௌமியா போனை ஸ்பீக்கரில் போட்டு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள்.

“மோனிஷா அங்க இருக்காளா?” என்றார் கடைசியில்.

“இருக்கேனுங்க சார்.”

“உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்மா. தப்பு என்மேலயும் இருக்கு. அடுத்த வாரம் ஈரோட்டுல ஒரு மசாலாக் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. உன் பேரைக் கொடுக்கறேன், தவறாம போ.” கொஞ்சம் நிறுத்தி, “சௌமியா, மலருக்கு அந்தப் பக்கத்தை நீ எழுத வேண்டாம். வேற ஆளைப் பார்த்துக்கறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மோனிஷா இறங்க ஆரம்பித்தாள். பாதி வழியில் நின்று, “நாலு மணிக்கு ஜீப்பு,” என்றாள். வழியனுப்ப வரவில்லை.

கடைக்குத் திரும்பியதும் மகளின் வீங்கிய கண்களைப் பார்த்துத் தங்கராஜ் பயந்துவிட்டார். விசாரித்தார். சௌமியா எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, “இதனால உன்ற வேலைக்கு ஒண்ணும் ஆயிராதல்ல?” என்றார்.

“ஆகாதுங்கப்பா.”

“அப்பறம் என்ன, உடு. நீயா போய்ச் சொல்லிட்டயல்ல?” என்று ஆறுதலாக அவள் தலையைத் தடவிவிட்டு, காத்திருந்த சுற்றுலாக்காரர்களுக்குத் தேன் பாட்டிலை எடுத்துக் காட்டப் போனார். அந்த ஆறுதல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஈரோட்டில் மோனிஷாவுக்கு வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் பயிற்சி என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளே போட்டிருந்தாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். சௌமியாவும் வாழ்த்தினாள். மற்றவர்களுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொன்ன மோனிஷா அவளுக்குப் பதில் போடவில்லை.

ஜூன் மாதம் சௌமியா ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹாஸ்டலில் இரண்டு பேர் தங்கும் அறை கொடுத்தார்கள். இன்னொரு கட்டிலுக்கு அடுத்த மாதம்தான் ஆள் வரும் என்றாள் வார்டன்.

“யாராச்சும் ஃப்ரெண்டு இருந்தாச் சொல்லும்மா, சேர்த்துக்கலாம்.”

“யாரும் இல்லீங்க,” என்று சொல்லிவிட்டு சௌமியா பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.