காற்று புகுந்த தோள்

1986இல் என் அண்ணன் நித்தியானந்தனின் வலது தோளுக்கு, சுவிஸ் நகரமான ஆராவில் ஒரு சீன வைத்தியர் கிடைத்தார். சீனர் அல்ல, சுவிஸ்காரர். சீனாவில் ஆறு வாரம் படித்துவிட்டு வந்து, பட்டுச் சட்டை அணிந்து, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தார். அது போதும் என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. அகதிகளுக்கு இலவசம்.

அண்ணன் ஓர் உணவகத்தில் சட்டி கழுவினார். கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. அகதி வழக்கும் முடியவில்லை. வைத்தியரின் கடிதம் ஒன்று இருந்தால் பலம் என்று கூட வேலை செய்த இராஜேந்திரன் சொன்னதால், தோளுக்கும் வழக்குக்கும் சேர்த்தே போனோம்.

எங்கள் ஊரில், தன் முகாமில் வைத்து, இராணுவம் அவரைக் கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அதைப் பிறர் சொல்லித்தான் அறிந்திருந்தேன். பெண்கள் முன்னால் அவர் அதைப் பேசமாட்டார். வழக்கின் முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவரும் பெண். “பிடிச்சு அடிச்சவங்கள்” என்பதோடு நிறுத்திவிட்டார். வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போனவள் தங்கை நான்.

வைத்தியர் நாக்கைப் பார்த்தார். நாடி பிடித்தார். வலி எப்படி வந்தது என்று கேட்டார்.

“குளிர்காத்து எண்டு சொல்லு, மலர்,” என்றார் அண்ணன்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோவன்.”

“சொன்னதைச் சொல்லு.”

சொன்னேன். வைத்தியருடைய புத்தகத்தின் நடுப்பக்கமே எழுந்து வந்து கட்டிலில் படுத்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது. “காற்று, குளிர், ஈரம்! மூன்றும் மூட்டுக்குள் புகுந்துவிட்டன. நீங்கள் ஆசியர்கள், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.”

“என்னவாம்?”

“நாங்களும் சீனரும் ஒண்டாம்.”

“அப்ப இவர் ஆராம்?”

எட்டுக் கிழமை ஊசி குத்தினார். கண்ணாடிக் குவளைகளைச் சூடாக்கி முதுகில் கவிழ்த்தார். முதுகெல்லாம் ஊதா வட்டங்கள்.

“தோள் எப்பிடி அண்ணை?”

“தோள் அப்பிடியேதான். இப்ப முதுகும் நோகுது.”

கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், கீழே சதுரமாகச் சிவப்பு முத்திரை. இராஜேந்திரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முத்திரையைப் பாரும்! இனி ஒருத்தராலும் அசைக்கேலாது.”

எனக்குப் பேசுமளவு ஜெர்மன்தான் வந்தது; கடிதத்தின் ஜெர்மனை வாசித்து விளங்க எங்களில் ஒருவரும் இல்லை. முத்திரை எல்லோருக்கும் விளங்கியது. அனுப்பினோம்.

வழக்கை நிராகரித்து வந்த பதிலில் அந்தக் கடிதமே எங்களுக்கு எதிராக நின்றது. தோள்வலிக்குக் காரணம் காற்றும் ஈரமும் என்று வைத்தியரே எழுதியிருக்கிறார். வெப்பமான இடத்தில் வாழ்வது நல்லதாம். விண்ணப்பதாரரின் நாடு வெப்பமானது.

மேன்முறையீட்டுக்கு ஆண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தோம். அண்ணன் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மூன்று மணித்தியாலம் எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வந்து தண்ணீர் கேட்டார்.

தோளுக்கு முதலில் காற்று என்றவர் இப்போது இராணுவம் என்கிறார், பிந்திச் சொன்னதை நம்ப முடியாது என்று பதில் வந்தது.

1987 ஓகஸ்டில் அவரை விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே சமாதானமாம். ஒக்டோபரில், யாழ்ப்பாணத்தில், ஷெல் விழுந்து செத்தார்.

அடுத்த வசந்தத்தில் வைத்தியர் எனக்கு எழுதினார். பொதுக்கூட்டம் ஒன்றில் பேசப் போகிறாராம். குணமான தோளுக்கு உதாரணமாக அண்ணனைச் சொல்ல அனுமதி வேண்டுமாம். நடந்ததையெல்லாம் எனக்கு வந்த ஜெர்மனில் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.