எதிரி வைத்த பெயர்

1
இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. சோவியத் நாட்டின் கஜகஸ்தான் புல்வெளியில், குண்டுவீச்சு விமானப் படையினரின் குடியிருப்பில், என் சமையலறைக்கும் ஸினாவின் சமையலறைக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான். அவள் கணவன் ரோத்யா, விமானத்துக்கு வழி கணிக்கும் கேப்டன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஸினா அப்பாவி. விமானங்களைப் பற்றி அவளுக்கு...'

நிறுத்திவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

2
"கைய கழுவிட்டு வா, கொழுக்கட்டை ஆறுது. நாளைக்கு உன் கரடி எத்தன மணிக்குக் கிளம்புது?"

"என்ன சொன்ன?"

"கரடின்னேன். நிஜக் கரடியப் பாத்த மாதிரி ஏன் முழிக்கிற?"

[அவன் பறக்கும் குண்டுவீச்சு விமானம் எங்களுக்கு வெறும் தொண்ணூற்றைந்து, அதன் எண். கரடி என்பது நேட்டோக்காரர்கள் அதற்கு வைத்த சங்கேதப் பெயர். கடலுக்கு மேலே உரசுவதுபோல் பக்கத்தில் வந்து பறக்கும் அவர்களுடைய விமானிகள் ரேடியோவில் சொல்லி, எங்கள் விமானிகள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதை உச்சரிப்பதில்லை; எதிரியோடு தொடர்பு என்று சந்தேகிப்பார்கள்.]

"யார் சொன்னது? வெளிநாட்டு ரேடியோ கேக்குறியா? இல்ல, யாராவது..."

"யாராவதுன்னா? ஆம்பளயா? நேராவே கேளேன், ரோத்யா."

"கேக்குறேன்."

"நீதான்யா! தூக்கத்துல உளறின. கூடவே ஒரு பொம்பள பேரும் உளறின. அது யாருன்னு நான் கேட்டேனா?"

3
இங்கே அவளை நம்பியிருப்பேன். ஆனால் என் கட்டிலும் அவர்கள் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. ரோத்யாவின் குறட்டையைக் கேட்டிருக்கிறேன், உளறலை ஒருநாளும் இல்லை. ரேடியோச் சத்தமும் கேட்டதில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

முடிவு ஒன்று: இருவரும் அழுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள். (என் வழக்கமான முடிவு. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அந்தப் பெண் பெயரைக் கேட்டதும் அவன் முகம்... சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முகம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

4
நீண்ட பயணத்துக்கு முன் ஒவ்வொருவரையும் படையின் அரசியல் அதிகாரி கேட்பார்: "வீட்ல எல்லாம் நல்லபடியா, தோழர் கேப்டன்?" இல்லை என்று சொன்னால் பறக்க விடமாட்டார்கள், ஸினாவை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பிறகு அவள் கரடி என்ற பெயரைக் கடைத்தெருவில் சொல்லிவைத்தால் இருவருமே தொலைந்தார்கள்.

மறுநாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவன் வாயைத் திறந்திருப்பான். அந்த நேரத்தில் ஸினா என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டுக் கொழுக்கட்டை.

"அக்கா, நேத்து சாயங்காலம் வீட்லதான் இருந்தீங்களா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனுக்கும் சேர்த்து நீங்களே ஒன்று சொல்லுங்கள். மெதுவான குரலில், என் வீட்டுக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது.