மிதித்தால் நிற்கும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் இன்றுவரை, ஒரு பொய்கூடச் சொல்லாமல் பழைய வண்டியை விற்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் பொடியெழுத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிய கையோடு, இதைக் குடும்பத்துக்கு அறிவித்தார். குடும்பம் என்றால் மனைவி, எட்டு வயது மகள், ஓசிக் காப்பிக்கு வந்திருந்த மச்சான்.

பொடியெழுத்து என்பது அலுவலகம் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனத்தில், பாலிசித் தாளின் அடியில் எறும்பு ஊர்வதுபோல ஓடும் நிபந்தனைகளை எழுதுவது அவர் வேலை. பதினாறு வருடத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தைக்கூட எந்த வழக்கறிஞராலும் அசைக்க முடிந்ததில்லை. படிக்கவும் முடிந்ததில்லை என்பது வேறு விஷயம்.

“இந்தா, நீயே படி. இதுல பொய் எங்க இருக்குன்னு காட்டு,” என்று மச்சானிடம் போனை நீட்டினார்.

இணையத்தில் அவர் போட்டிருந்த விளம்பரம் மூன்றே வரி. ஒரே குடும்பம் ஓட்டிய கார். ஏசி போட்டால் காற்று வரும். பிரேக் மிதித்தால் நிற்கும்.

மச்சான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன். எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புவான். “காத்து வரும், சரி. குளிர்ந்த காத்தா மாமா?”

“காத்துன்னுதான் எழுதியிருக்கேன்.”

“மிதிச்சா நிக்குமா?”

“நிக்கும்.”

“எத்தனை தடவை மிதிச்சா?”

“இவன் பேச்சைப் பாரு!” என்று பொடியெழுத்து மனைவியின் பக்கம் திரும்பினார். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்கூட்டரை விக்கிறேன்னு போய், ஒரு முழுத் தாள்ல அதோட குறையெல்லாம் எழுதி, நம்பர் போட்டு, கையெழுத்து வெச்சு, வாங்க வந்தவனுக்கே சத்தமா படிச்சுக் காட்டினவன் இவன். டேய், நீ ஸ்கூட்டரை வித்தியா, ஆஸ்பத்திரியில சேர்த்தியா?”

மனைவிக்குப் புரை ஏறியது. மச்சான் அசரவில்லை. “வாங்கினவர் இன்னைக்கும் வழியில பார்த்தா கை கொடுக்கிறார் மாமா.”

“அரை விலைக்கு வாங்கினவன் காலையே கொடுப்பான்.”

மெக்கானிக் சொன்னதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. ஒர்க் ஷாப்பில் அந்த ஆள் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னான்: “பிரேக்கோட மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள கசியுது சார். மாத்திடுங்க. இல்லன்னா ஒரு நாள் மிதிப்பீங்க, மிதிப்பீங்க, மிதிச்சுக்கிட்டே இருப்பீங்க.” நிற்காது என்று அவன் சொல்லவில்லை. பொடியெழுத்து அதைக் குறித்துக்கொண்டார். அவன் எழுதியும் தரவில்லை. எழுதித் தராத விஷயம் அவருடைய தொழிலில் நடக்காத விஷயம்.

வாங்க வந்தவர் துணி ஆலை மூடி வேலை போனவர். லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறினார். அவர் வருவதற்கு முன்பே பொடியெழுத்து வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்கைப் பத்துத் தடவை மிதித்து இறுக்கி வைத்திருந்தார். மிதிப்பது பொய் சொல்வதாகாது. தெருமுனைவரை போய் வந்தவர், “கல்லு மாதிரி இருக்கு சார்,” என்றார். அன்றே கைமாறியது. பொடியெழுத்து அவருடைய எண்ணைக் ‘கார் ஆசாமி’ என்று பதிந்துகொண்டார்.

ஐந்தாம் நாள், அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில் கார் ஆசாமி கூப்பிட்டார்.

“சார், நல்லா இருக்கீங்களா? பிரேக்கு கொஞ்சம் உள்ள போகுது சார். முதல் மிதியில பிடிக்கல.”

“விளம்பரத்துல என்ன போட்டிருந்தேன்?”

“மிதித்தால் நிற்கும்னு சார்.”

“மிதிச்சீங்களா?”

“ரெண்டு தடவை மிதிச்சேன்.”

“நின்னுச்சா?”

“நின்னுச்சு சார்.”

“அப்புறம் என்ன?”

 “நான் சண்டைக்கு வரல சார். பணத்தைத் திருப்பிக் கேக்கல. இது என்ன கோளாறுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. நானே சரி பண்ணிக்கிறேன். தெரியுமான்னுதான் கேக்கிறேன்.”

தெரியும் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லை ஒப்புக்கொண்டு வழக்கில் கவிழ்ந்த பெரிய மனிதர்களைப் பொடியெழுத்து கண்ணால் பார்த்திருக்கிறார். தெரியும் என்றால் தெரிந்தே விற்றதாகிவிடும். அவர் தொண்டையைச் செருமினார்.

“அது கோளாறு இல்லைங்க. அந்த வண்டியோட சுபாவம்.”

“சுபாவமா சார்?”

“சில பேரை ஒரு தடவை கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க இல்ல? ரெண்டு தடவை கூப்பிடணும். அந்த மாதிரி.”

“அப்போ பயமில்லையே? மெக்கானிக்கிட்ட காட்டலாம்னு இருந்தேன். வேண்டாமா?”

வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. “அது உங்க விருப்பம். சுபாவத்துக்கெல்லாம் யாரும் வைத்தியம் பார்க்கிறதில்ல,” என்றார்.

“படிச்சவங்க, நீங்க சொன்னா சரி சார். ரொம்ப நன்றி.”

அந்த நன்றிதான் உறுத்தியது. திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘சார், ரெண்டு.’ வேறு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே. பொடியெழுத்து அதைப் பக்கத்து மேசையில் விபத்துக் கோப்புகள் பார்க்கும் அம்மாவிடம் காட்டினார்.

“என்ன, ஆட்டத்து ஸ்கோர் அனுப்புறானா?” என்று அந்த அம்மா சிரித்தார். பொடியெழுத்தும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை ‘சார், மூணு’ என்று வந்தது. அதற்கும் கட்டைவிரல். அடுத்த திங்கட்கிழமை, ‘சார், நாலு. சுபாவம்தானே?’

இந்தத் தடவை அந்த அம்மா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எனக்கு இது நல்லதாப் படல. கத்துற ஆளுன்னா கத்திட்டுப் போயிடுவான். இவன் எண்ணுறான்.”

“மிரட்டுறான்மா. வேற என்ன?”

“மிரட்டுறவன் சார் போடுவானா?”

அன்று முதல் பொடியெழுத்து வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தார். எண்ணைத் தடுத்துவிடலாம் என்று விரல் போகும். தடுத்துவிட்டால் நாளைய எண் என்னவென்று தெரியாமல் போய்விடுமே என்று திரும்பிவிடும். எட்டரை நெருங்கினால் கை போனைத் தேடியது. தூறல் விழுந்த புதன்கிழமை, ‘சார், அஞ்சு. ரோடு ஈரம்.’

அன்று சாயங்காலம் சீக்கிரமே வீடு திரும்பினார். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும்போதே மேசைக்காலைப் பாதத்தால் ஓங்கி ஓங்கி மிதித்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... நின்னாச்சு!”

பொடியெழுத்துக்குச் சட்டைப் பித்தானை அவிழ்த்த விரல் அங்கேயே நின்றது. “என்ன விளையாட்டு அது?”

“டிரைவர் அங்கிள் விளையாட்டுப்பா. அவர் மிதிப்பாரு, நாங்க நாலு பேரும் எண்ணுவோம். எத்தனையில நிக்குதோ அதுதான் அன்னைக்கு நம்பர்.”

“எந்த டிரைவர் அங்கிள்?”

“நம்ம கார் அங்கிள். சீட்டுல நான் ஒட்டின ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கு. நீதான் கேக்கவே இல்லையே.”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். “சொல்ல மறந்தே போச்சு. வேன்காரம்மா மகளோட பிரசவத்துக்குப் போயிட்டாங்க. ஸ்கூலுக்குக் கூட்டிப் போக ஆள் தேடினப்போ இவர் கிடைச்சார். பார்த்தா நம்ம வண்டி! மத்த அம்மாக்கள் யோசிச்சாங்க. நான்தான் அடிச்சுச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் ஒரு பொய்கூடச் சொல்லாம வித்த வண்டி, கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம்னு.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்ததோ வேறு. “நாளைக்குப் பாப்பா போக வேண்டாம். கண்ணு செவந்திருக்கு.”

மனைவி மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். “எந்தக் கண்ணு?”

“ரெண்டும்தான்.”

மறுநாள் மகள் வீட்டில் இருந்தாள். பொடியெழுத்து அலுவலகத்தில் போனை மேசைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டரை. ஒன்றும் வரவில்லை. எட்டு முப்பத்தைந்து. கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தன் பிள்ளை அதில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவர் எழுதிய எல்லா வாக்கியங்களையும்போல அதையும் அசைக்க முடியவில்லை. ஆனாலும் மறுபடி கூப்பிட்டார்.

எட்டு ஐம்பதுக்கு வந்தது. ‘சார், ஒன்பது. போன் பார்த்தேன், பிள்ளைங்க இருக்கும்போது எடுக்க மாட்டேன். பாப்பா வராததால மூணு பேரும் சத்தமா எண்ணினாங்க.’

பள்ளி மேட்டின்மேல் இருக்கிறது. காலையில் போவது ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. அதிலேயே ஒன்பது. சாயங்காலம் அதே சாலை இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் போகும் பெரிய சாலை. நடுவில் சிக்னல்கூடக் கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பொடியெழுத்து பள்ளி வாசலில் மூச்சிரைக்க நின்றார். கார் வாசலை ஒட்டி நின்றது. அவரிடம் இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. மூன்று பிள்ளைகளும் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க சார்! பாப்பாவுக்கு எப்படி இருக்கு?” கார் ஆசாமியின் முகத்தில் கோபமோ குத்தலோ துளிகூட இல்லை. பொடியெழுத்து அந்த முகத்தில் ஒரு மிரட்டலைத் தேடினார். கிடைத்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். “தினமும் மெசேஜ் போட்டுத் தொந்தரவு பண்றேனா? சுபாவம் மாறினா உங்களுக்குச் சொல்லணும் இல்ல. நீங்களும் கட்டைவிரல் காட்டுறீங்க, பாப்பாவையும் இதுலதான் அனுப்புறீங்க. அந்தத் தைரியத்துலதான் ஓட்டுறேன்.”

“இன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க.”

“ஏன் சார்?”

“வந்து... ஒரு முன்னெச்சரிக்கையா... பொதுவான சூழ்நிலையைக் கருதி...”

“புரியல சார். பெத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க. காரணம் இல்லாம நிறுத்தினா அவங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?” அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். என்ஜின் உறுமியது.

பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல், “அங்கிள், இன்னைக்குப் பத்து வருமா?” என்று கேட்டது.

பொடியெழுத்து காருக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் பானட்டின்மேல் வைத்தார். சூடும் அதிர்வும் தோள்வரை ஏறின. பிறகு சுற்றி வந்து, பின்சீட்டுச் சன்னலில் கை நீட்டி, ஒரு பிள்ளையின் படம் வரையும் நோட்டை வாங்கினார். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பானட்டின்மேல் வைத்து, பேனாவை எடுத்தார்.

ஒன்று என்று எண் போட்டார். பிரேக். மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. விற்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். இது சுபாவம் அல்ல.

பதினாறு வருடத்தில் அவர் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியதில்லை. அந்த வரி முழுக்க என்ஜினின் நடுக்கம் இருந்தது. தாளைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார்.

கார் ஆசாமி தாளைத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு திரும்பி மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். என்ஜினை அணைத்து, சாவியை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளைங்களா, இறங்குங்க,” என்றார். பொடியெழுத்தைப் பார்க்காமலே, “வேற என்ன இருக்கு சார்? எழுதுங்க,” என்றார்.

இரண்டு, ஏசி. வெறும் காற்று. எழுதி, படித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, பொடியெழுத்து மூன்று என்று எண் போட்டார்.