தாள் வைக்கிற ஆள்

ஷெட்டுக்குள் அந்தப் பச்சை விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் சாவு விழுந்து, உறவுக்கூட்டம் வந்து அழுது, அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிப் போன பிறகும் மரம் குடையும் மெஷினை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரிந்த அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்த இன்னொருத்தன் அவருடைய மைத்துனன். அவனோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தான்.

பிரமாதமான மெஷின் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசை அளவில் ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் இங்கும் அங்கும் ஓடுகிற மோட்டார், மோட்டாரின் வாயில் துளைபோடும் முனைமாதிரி ஒரு பிட். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் பிட் சுழன்று சுழன்று அதை மரத்தில் செதுக்கிவிடும். அத்தானுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. மைத்துனன் வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் ஷெட்டுக்குள் போய் அடைந்துகொள்வார்கள். "ரெண்டு கழுதைக்கும் சேர்த்து ஒரு பொம்மை" என்பாள் அக்கா.

ஒரு பலகைக்கு ஒரு பிட் போதாது. முதலில் தடித்த பிட் முரட்டுத்தனமாக மரத்தை அள்ளி எடுக்கும். பிறகு அதைக் கழற்றிவிட்டு ஊசிமாதிரி ஒன்றை மாட்டினால்தான் இறகும் கண்ணும் வரும். அந்த மாற்றுகிற வேலையில்தான் சூட்சுமம் எல்லாம். ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு நீளம். புதுப் பிட்டின் நுனி எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கு மறுபடியும் சொல்லாவிட்டால், அது பழைய கணக்கிலேயே இறங்கி மரத்தைக் கிழித்துவிடும்.

ஸ்பேனரால் கழற்றி மாட்டுவது மைத்துனன் பாடு. பலம் வேண்டிய வேலை, யோசனை வேண்டாத வேலை என்று அவனே சொல்லிக்கொள்வான். நுனியின் உயரத்தைச் சொல்லிக்கொடுப்பது அத்தான். கடை ரசீதைக் கிழித்த ஒரு துண்டுத் தாளைப் பலகையின் செதுக்காத மூலையில் வைப்பார். தாளை விரலால் அசைத்துக்கொண்டே பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். தாள் நகராமல் சிக்கினால் அதுதான் உயரம். "பதறாத காரியம் சிதறாது மாப்ளே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மாப்பிள்ளை அதற்குள் குனிந்து மரத்தூளைப் பெருக்கி, ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்புவான். திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும். பொத்தானை அமுக்குவான். இத்தனை வருஷத்தில் இது ஒரு நாளும் மாறியதில்லை.

கடைசியாக மெஷினில் ஏறியது அத்தான் மகளின் பிரசவத்துக்கு முன் முடிக்க வேண்டிய மரத்தொட்டிலின் தலைமாட்டுப் பலகை. தாய்க்குருவியும் குஞ்சும். தடித்த பிட்டின் வேலை முடிந்து அதைக் கழற்றியாயிற்று. தாளை மூலையில் வைத்த அத்தான் சட்டைப்பையைத் தடவினார். "பாத்தியா, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறவன், என் கண்ணாடிய உள்ளயே வெச்சுட்டேன். இரு, எடுத்துட்டு வரேன்" என்று வீட்டுக்குள் போனவர், நடையிலேயே சரிந்து விழுந்தார். டாக்டர் வந்தபோது உயிர் இல்லை.

இன்றைக்கு அக்காதான் ஃபோன் பண்ணினாள். "தம்பி, அவரு ஆரம்பிச்ச குருவிய முடிச்சுக் குடுடா. புதுசா ஒண்ணு வேண்டாம். அவரு கை பட்டதுதான் வேணும். பேரப்பிள்ளைக்கு அவர் குடுத்ததுன்னு இது ஒண்ணுதான் இருக்கும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

பலகை பிடித்துவைத்த இடத்திலேயே இருந்தது. குருவி வெறும் மொத்தையாக, கண் இல்லாமல் படுத்திருந்தது. கெடுத்துவிடக் கூடாது, இதை மட்டும் கெடுத்துவிடக் கூடாது. பலகையைப் பிடித்த கிளாம்புகளை ஆட்டிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தன. சரியான பிட்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மாட்டி இறுக்கினான், நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை இறுக்கினான். தூளை என்றைக்கும் இல்லாத அக்கறையோடு பெருக்கினான். ஸ்பேனரை ஆணியில் மாட்டினான். திரும்பினான். பொத்தானை அமுக்கினான்.

மரம் கதறுவது மாதிரி ஒரு சத்தம். பலகைக்கு மேலே தாண்டிப் போகவேண்டிய பிட், தாய்க்குருவியின் கழுத்தை உழுதுகொண்டு குஞ்சின் தலைவரைக்கும் போய், பட்டென்று ஒடிந்தது. அவன் சிவப்புப் பொத்தானில் குத்தியபோது குடி முழுகியிருந்தது.

மூலையில் அந்தத் தாள் கிடந்தது. அத்தான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"அக்கா, நான் தூளப் பெருக்கினேன்... ஸ்பேனர மாட்டினேன்..." ஆணியில் தொங்கிய ஸ்பேனரைக் காட்டினான். "திரும்பிப் பார்த்தா அவரு தாள் வெச்சு முடிச்சிருப்பாரேக்கா. எப்பவும் முடிச்சிருப்பாரே."

எடுத்துப்போகும்போது அழாதவன், சாம்பலைக் கையில் வாங்கியபோதும் அழாதவன், தரையில் உட்கார்ந்து குழந்தையாட்டம் அழுதான். அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் குருவியின் பள்ளத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"தெருக்கதவைத் தாழ் போடறது அவரு வேலைடா" என்றாள் கடைசியில். "கடைசியா வந்து படுக்கிறவரு அவருதானே. அவரு போனதிலேருந்து இந்த வீட்டுக்கதவு ஒரு ராத்திரியும் தாழ் போடல. காலையில எந்திரிச்சுப் பார்க்கும்போதுதான் தெரியுது. திருடன் வந்திருந்தா அள்ளிக்கிட்டுப் போயிருப்பான்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோயிற்று.

தொட்டிலுக்கு வேறு பலகை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இதைக் கழற்றிக் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவன் கிளாம்புகளைக் கழற்றிப் பலகையை அவள் கையில் கொடுத்தான். பிறகு, இனி எதற்கு என்று, பச்சை விளக்கையும் அணைத்தான்.

பொழுது சாயும்போது கிளம்பினான். அக்கா வாசல்வரை வந்து, "பார்த்துப் போடா" என்று கதவைச் சாத்தினாள். அவன் வேனில் ஏறவில்லை. கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவள் நடந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் ஒன்றும் இல்லை.

கதவைத் தட்டினான்.

"அக்கா, தாழ்ப்பாள்."

பிறகு அவள் திரும்பி வரும் காலடி கேட்டது. பழக்கமில்லாத கை இழுக்க, தாழ்ப்பாள் திக்கித் திக்கி நகர்ந்தது.