கல்வட்டத்தில் சொன்ன பேர்

பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். மகள் பிரசவத்துக்காக மேஸ்திரி ராஜமாணிக்கத்திடம் கண்ணாயிரம் வாங்கிய கடன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், முதன்முதலாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டது அந்தக் கடன் சீட்டில்தான்.

அடி அண்ணாமலைக்குப் பின்னால் மனை பிரிக்கிற நிலத்தின் நடுவே பதினான்கு குண்டுக்கற்கள் வட்டமாகக் கிடந்தன. முழங்கால் உயரக் குள்ளர்கள் அதற்குள் குடியிருப்பதாக ஊரில் பேச்சு. ஏர் ஓட்டியவர்கள்கூட அதை ஒதுக்கிவிட்டுத்தான் உழுதார்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் முதல் கல்லில் கடப்பாரையை வைத்து, யாருக்காக எடுக்கிறோமோ அவர் பேரைச் சொல்ல வேண்டும். குள்ளர்கள் அந்தப் பேரைத் தேடிப் போவார்கள், கூலிக்காரனைத் தொடமாட்டார்கள்.

பொக்லைன் ஓட்டும் வேணு வண்டியை நிறுத்திவிட்டான். "யாராச்சும் பேரு சொல்லுங்க. அப்பால கை வைக்கிறேன்."

ராஜமாணிக்கம் கண்ணாயிரத்தைத் தனியே கூப்பிட்டார். "உன் பேரச் சொல்லிடு. சீட்டைக் கிழிச்சிடறேன்."

"என் பேரு அவ்ளோ விலை போவுதாங்க?"

"வேற எவன் குடுப்பான்? சொல்றியா, இல்ல வட்டியோட எண்ணி வைக்கிறியா?"

வீட்டில் ஒரு மாதக் குழந்தை இருந்தது. கண்ணாயிரம் கடப்பாரையைக் கல்லடியில் செருகினான். வேணு மறுபடி முடுக்கிய பொக்லைன் உறுமலில் பேச்சு கேட்காது. உதடு அசைந்ததைப் பார்த்து மேஸ்திரி தலையாட்டினார்.

ராஜமாணிக்கம் என்றுதான் சொன்னான். வேலை அவருடையது, பேரும் அவருடையதாக இருப்பதுதானே முறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் கல்லெல்லாம் லாரி ஏறின.

சீட்டை அப்புறம் தருவதாகச் சொன்ன மேஸ்திரி ஒன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தார். வாய் கோணிப் பேச்சு நின்றது. வலப்பக்கம் விளங்கவில்லை.

கண்ணாயிரம் பார்க்கப் போனான். அவனைக் கண்டதும் அவர் இடக்கையால் பீரோவைக் காட்டினார். மனைவி கஸ்தூரி சீட்டை எடுத்து வந்தாள்.

"விழறதுக்கு முந்தின நாள்கூட உன் பேச்சுதான். பாவம், பேரைக் குடுத்துட்டான், அவனுக்கு இன்னா ஆவுமோன்னு பொலம்பினாரு. உனக்கு ஒண்ணும் இல்லியேப்பா?"

"இல்லீங்க."

"உன் பேரத்தானே சொன்ன?"

கட்டிலில் இருந்தவரின் கண் அவன் மேலேயே இருந்தது.

"ஆமாங்க."

கஸ்தூரி சீட்டை நாலாகக் கிழித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மேல் துண்டில் அவன் பேர் கிழியாமல் இருந்தது. தெருவுக்கு வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.